கருநீல அக்சியோவுக்கு சிபிஎல் போட்டால் கார் தட்டையாகத் தெரியுது. எந்த பில்டர், எப்படித் திருப்புறது?

பாலையூற்று_58

எல்லாருக்கும் வணக்கம். கார் டொயோட்டா அக்சியோ, கருநீலம், நல்லா பொலிஷ் போட்டது. கமரா கனன், 18-55 லென்ஸ், பில்டர் வாய் 58 மி.மீ. கையில் ஒரு சிபிஎல்லும் (பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் பில்டர்), திருப்பத் திருப்ப இருளுகிற வேரியபிள் என்டி (ஒளியைக் குறைக்கிற பில்டர்) ஒன்றும் இருக்கு. காலையில் நிலாவெளிக் கடலோரம், பின்னேரம் திருகோணமலை உட்துறைமுக வீதி. இந்த இரண்டு இடமும்தான் யோசனை. வானமும் காரும் அடர்த்தியாக, கொஞ்சம் மிரட்டுற மாதிரி வரவேணும்.

சிபிஎல்லை முழுக்கத் திருப்பினால் முன்கண்ணாடி தெளியுது, ஆனால் பக்கவாட்டில் கார் உயிரில்லாமல் ஒரே நீலத் தகடு மாதிரி ஆகிடுது. பின்கண்ணாடியில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வேற. பில்டர் பழுதா? ஓடுற காரை வெயிலில் 1/50 இல் எடுக்கப்போனால் படம் வெளிறிப் போகுது. வேரியபிள் என்டியைக் கூட்டினால் நடுவில் பெரிய பெருக்கல் குறி மாதிரி நிழல் விழுது. மேலே இருட்டு, கீழே தெளிவாக இருக்கிற கிரேட் பில்டர் ஒன்று வாங்கினால் வானம் சரிவருமா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.


உவர்மலை லென்ஸ்

பில்டர் பழுதில்லை. முழுக்கத் திருப்பியதுதான் பிழை.

கருநீலம், கறுப்பு, கடும் சிவப்பு நிறக் கார்களில் வளைவைக் காட்டுவதே அதன்மேல் விழும் பிரதிபலிப்புத்தான். கதவுக் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, முன்விளக்கில் தொடங்கிப் பின்விளக்கு வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். அது பெயின்ற் இல்லை, வானம். அந்தக் கோட்டை அழித்துவிட்டால் கதவு எங்கே வெளியே வளைகிறது, எங்கே உள்ளே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சிபிஎல்லால் எதை அழிப்பது, எதை விடுவது என்று முதலே முடிவெடுக்க வேண்டும். அழிக்க வேண்டியவை: முன்கண்ணாடியில் விழும் வானம், பொனட்டில் விழும் மரக்கிளை, கதவின் கீழ்ப்பாதியில் விழும் கிரவலும் ட்ரைபொட் காலும். விட வேண்டியது அந்த வெள்ளைக் கோடு, அதாவது தோள்கோடு.

ஒரே திருப்பலில் இத்தனையும் சரிவராது. கண்ணாடி, பெயின்ற்மேல் உள்ள கிளியர் கோட் போன்ற பரப்புகளில் பார்வைக்கோடு பரப்போடு ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் இருக்கும்போதுதான் சிபிஎல் முழுதாக வேலை செய்யும். காரோ எல்லாப் பக்கமும் வளைந்தது. பொனட் சரியான கோணத்தில் இருக்கும்போது கதவு இருக்காது. அதனால் நாலு படம் எடுத்து ஒட்டுவதுதான் வழி.

ட்ரைபொட்டில் வைத்து மனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8. வெள்ளைச் சமநிலையை ‘டேலைட்’டில் பூட்டுங்கள், ஓட்டோ வேண்டாம். போக்கஸ் பிடித்தபின் லென்ஸிலுள்ள சுவிட்சை எம்எஃப் (கையால் போக்கஸ்) பக்கம் தள்ளுங்கள். முதல் படம் முன்கண்ணாடி தெளியும்வரை திருப்பி. இரண்டாவது பொனட்டைப் பார்த்து. மூன்றாவது கதவின் கீழ்ப்பாதியைப் பார்த்து. நாலாவது தோள்கோடு ஆகப் பிரகாசமாக இருக்கும் இடத்தில். ஆகக் கூடிய விளைவுக்கும் ஆகக் குறைந்ததற்கும் இடையில் சரியாகக் கால் சுற்றுத்தான். வளையத்தின் விளிம்பில் வெள்ளை கரெக்ஷன் பேனாவால் ஒரு சின்னப் பொட்டு வைத்தால், எந்தப் படம் எந்தத் திருப்பலில் எடுத்தது என்று குழம்பாது. நாலையும் ஓரிரு நிமிடத்துக்குள் முடியுங்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் நிறம் கடகடவென்று மாறும்.

போட்டோஷொப்பிலோ இலவசமான கிம்ப்பிலோ நாலாவது படத்தை அடியில் வையுங்கள். மற்ற மூன்றும் மேல் லேயர்கள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மாஸ்க் (அந்த லேயரை மறைக்கும் திரை). வேண்டிய இடத்தில் மட்டும் மென்மையான வெள்ளைப் பிரஷால் திறந்துகொண்டு வாருங்கள். பனல்கள் சந்திக்கும் இடுக்குகளில் ஒட்டிய விளிம்பை நிறுத்தினால் தெரியாது, பனலின் நடுவில் நிறுத்தினால் பிடிபடும்.

ஒரு கவனம். பழைய 18-55 சிலவற்றில் போக்கஸ் ஓடும்போது முன்பக்கமே சுழலும், பில்டரும் சேர்ந்து சுழலும். பெயரில் எஸ்டிஎம் என்று உள்ள வகையில் அது இல்லை. உங்களுடையது எது என்று பாருங்கள். சிபிஎல்லை எப்போதும் இறுக்கும் திசையிலேயே திருப்பிப் பழகுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி மரை கழன்று விழுந்த பில்டர் எத்தனையோ.

பின்கண்ணாடிப் புள்ளிகள்: பின்கண்ணாடியும் பொதுவாகப் பக்கக் கண்ணாடிகளும் சூடாக்கிக் காற்றுக் குழாய்களால் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியவை. காற்று பட்ட இடமெல்லாம் கண்ணாடிக்குள் இறுக்கம் நிற்கும். வானத்து ஒளி முனைவாகி (ஒரே தளத்தில் அதிர்ந்து) அதற்குள் நுழைந்து வரும்போது சிபிஎல் அந்த இறுக்கத்தைப் புள்ளியாகக் காட்டிவிடுகிறது. முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, அதனால் அதில் இல்லை. வழி சுலபம். சிபிஎல்லைக் கழற்றி ஒரு படம் கூடுதலாக எடுத்து, பின்கண்ணாடியை மட்டும் அதிலிருந்து ஒட்டுங்கள். சிபிஎல் ஒன்றரை ஸ்டொப் அளவு ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதி), அந்தப் படத்துக்கு மட்டும் ஷட்டர் வேகத்தை அவ்வளவு கூட்ட மறக்கவேண்டாம்.


கொட்டியாரக் காற்று

பெருக்கல் குறிக்கு நான் சொல்றன். வேரியபிள் என்டி எண்டா இரண்டு போலரைசரை ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சதுதான். கடைசி முனைக்குக் கிட்டப் போனா மூலைக்கு மூலை இருள் வித்தியாசப்படும், 18 மி.மீ. மாதிரி அகலத்தில இன்னும் மோசம். பெட்டியில என்டி400 (ஒளியை 400 இல ஒண்டாக்கிறது) வரை எண்டு அச்சடிச்சிருந்தாலும் அதில பாதித் தூரத்துக்கு மேல நம்பாதீங்கோ. இன்னொண்டு, அது காரின்ர பிரதிபலிப்பையும் தன் பாட்டுக்கு மாத்தும். காருக்கு நிரந்தர என்டிதான் சரி.

கணக்கைப் பாருங்கோ. நல்ல வெயில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 எண்டா ஷட்டர் 1/400 கிட்ட வரும். உங்களுக்கு வேணும் 1/50. இடையில மூண்டு ஸ்டொப். என்டி8 அப்படியே பொருந்தும். எஃப் 5.6 இல பின்னணியைக் கொஞ்சம் மங்கவைக்க விரும்பினா நாலு ஸ்டொப், அது என்டி16. சிபிஎல்லும் என்டி8உம் சேர்த்துப் போட்டா ஏறத்தாழ நாலரை. ஆனா 18 மி.மீ. இல இரண்டையும் அடுக்கினா மூலைகள் கறுக்கும், 24 க்கு மேல சூம் பண்ணுங்கோ.

ஏன் 1/50 எண்டு கேட்டா, சில்லைப் பாருங்கோ. 15 அங்குல றிம்மில 185/60 ரயர் எண்டா சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீற்றர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில ஒரு செக்கனுக்கு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 1/200 இல எடுத்தா சில்லு 10 பாகைதான் திரும்பும், நிப்பாட்டி வச்ச கார் மாதிரி இருக்கும். 1/60 இல 35 பாகை. 1/30 இல 70 பாகை. அஞ்சு கம்பி அலோய் எண்டா கம்பிக்குக் கம்பி 72 பாகை, அதால 1/30 இல சில்லு முழுக்க வழுவழுப்பான தட்டாகிடும். கம்பி கொஞ்சம் தெரியவும் வேணும், ஓட்டமும் தெரியவேணும் எண்டா 1/60 க்கும் 1/40 க்கும் இடையில நில்லுங்கோ.

இன்னொரு காரில இருந்து எடுக்கிற யோசனை இருந்தா வேண்டாம். நிலாவெளி வீதி இரண்டு பக்கமும் போக்குவரத்து ஓடுற வீதி, பக்கத்தில பக்கத்தில ஓடினா எதிரே வாற பஸ்ஸுக்கு இடமில்லை. வீதியோரத்தில, வெள்ளைக் கோட்டுக்கு நல்லாத் தள்ளி நிண்டு, கார் உங்களுக்கு நேர் குறுக்காகப் போகேக்க இடுப்பில இருந்து உடம்பைத் திருப்பி எடுங்கோ. லென்ஸ் 50 க்குக் கிட்ட. ட்ரைவர் வேகத்தை மாத்தாமல் 40 இல ஓடட்டும். உங்கள் கண் முன்கதவுக் கைப்பிடியில ஒட்டி இருக்கட்டும். கார் வர முதலே திருப்பத் தொடங்கி, ஷட்டர் அடிச்ச பிறகும் நிப்பாட்டாமல் திருப்புங்கோ. 1/50 இல இருபதில இரண்டோ மூண்டோ கூர்மையா வந்தாலே நல்ல கணக்கு, அதால அஞ்சாறு தரம் காரை ஓடவைக்கத் தயாராப் போங்கோ. பின்னணியில பனைவரிசை இருந்தா கோடு கோடா இழுபடும். வெறும் கடல் எண்டா இழுபட ஒண்டும் இல்லை, ஓட்டமே தெரியாது.

காரில உறிஞ்சு கப்பால தடி பூட்டி, அதில கமராவை வச்சு எடுக்கிற படத்துக்கு வேகமே தேவையில்லை. எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரலில போட்டு இரண்டு பேர் தள்ளினாப் போதும், நடை வேகத்துக்கும் குறைய. 2 செக்கன் திறந்து வச்சா கார் ஒரு மீற்றர் நகரும், அதுவே படத்தில பறக்கும். வெயில் சாய்ஞ்ச பிறகு என்டி64 போதும். உறிஞ்சு கப் ஒட்டுற இடத்தை ஈரத்துணியால துடைச்சுக் காயவிடுங்கோ, உப்புப் படிஞ்சிருந்தா அஞ்சு நிமிசத்தில கழண்டிடும். திருப்பி அடிச்ச பெயின்றில ஒட்டாதீங்கோ, பெயின்ற் சேர்ந்து வந்திடும். கமராவுக்குத் தனிக் கயிறு கட்டாயம். இதெல்லாம் மூடின காணிக்குள்ள.


பாலையூற்று_58

நன்றி. புள்ளி விசயம் இப்பதான் விளங்குது. கிரேட் பில்டரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நிலாவெளியில் கடலுக்கு மேல் விடியுற வானத்தோட காரைச் சேர்த்து எடுக்க அதுதான் வழி எண்டு நினைச்சன்.


லிங்கநகர்க் கண்

கிரேட்டை வாங்குவதற்குமுன் ஒரு விசயத்தை மனதில் வையுங்கள் தம்பி. சமதரையில் கடலைப் பார்த்து நின்றால், படத்தில் தொடுவானம் எப்போதும் கமராவின் உயரத்தில்தான் காரை வெட்டும். அக்சியோவின் கூரை உயரம் ஏறத்தாழ 1.46 மீற்றர். நீங்கள் நிமிர்ந்து நின்று 1.6 மீற்றரில் கமராவைப் பிடித்தால் கார் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே நிற்கும், கிரேட்டின் இருட்டுப்பாதி வானத்தை மட்டும் தொடும். சரி. ஆனால் கார் மிரட்டுற மாதிரி வரவேணும் என்று குந்தி, முன்விளக்கு மட்டத்துக்கு 60 சென்ரிமீற்றரில் எடுத்தால் தொடுவானம் விளக்கோடு போகும். அதற்கு மேலே உள்ள பொனட், கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கிரேட் கறுப்பாக்கும். கருநீலக் கார் கறுப்பு நிழலாகிவிடும்.

ஆக, தாழ்ந்த கோணத்துக்கு கிரேட் சரிவராது. இரண்டு எக்ஸ்போஷர் எடுங்கள். ஒன்று வானத்துக்கு அளந்து, மற்றது காருக்கு, இடையில் இரண்டு ஸ்டொப். ரோ வடிவில் (கமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்துக் கூரை விளிம்போடு ஒட்டுங்கள். கூரை விளிம்பு கூரான கோடு, தென்னோலை மாதிரிச் சிலும்பு இல்லை, அதனால் ஒட்டுவது சுகம். இல்லையென்றால் வானத்துக்கு அளந்துவிட்டுக் காருக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஷ் வையுங்கள்.

அதைவிட முக்கியம் திசை. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது, அதற்குச் செங்கோணத்தில் உள்ள வானம்தான் சிபிஎல்லுக்கு ஆகக் கூடுதலாக இருளும். நிலாவெளியில் விடிய ஆறரைக்கு சூரியன் கிழக்கே கடல்மேல். நீங்கள் கடலைப் பார்த்து எடுத்தால் சிபிஎல் வானத்துக்கு ஒன்றும் செய்யாது. கரையோரமாக வடக்கே, குச்சவெளிப் பக்கம் பார்த்து எடுங்கள். வானம் ஆழ்ந்த நீலமாகும், வெயிலும் காரின் பக்கவாட்டில் விழும். 18 மி.மீ. இல் மட்டும் எடுக்கவேண்டாம், வானத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பட்டையும் இரு ஓரமும் வெளிறியும் வரும். 35 இல் பட்டை பெரிதாகத் தெரியாது, காரின் மூக்கும் ஊதிப்போகாது.

உட்துறைமுக வீதியில் சூரியன் தண்ணிக்கு அப்பால் மேற்கே இறங்கும். அங்கே சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வரும் ஒளிதான் காருக்கு உகந்தது. மேற்கு வானம் முழுக்க ஒரு பெரிய மென்விளக்கு மாதிரி, தோள்கோடு ஒரே சீராக ஓடும். அந்த நேரம் எஃப் 11 இல் 1/8 வந்தால், என்டி64 போட 8 செக்கன். துறைமுகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகும், கார் கல்லுப்போல நிற்கும். காருக்குள் ஆட்கள் இருக்கக்கூடாது, மூச்சு விட்டாலே ஸ்பிரிங் ஆடும். ஏரியலைக் கழற்றி விடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தவேண்டாம். அதில் பையைக் கட்டினால் பை தரையில் தட்டி நிற்கவேணும், தொங்கி ஆடினால் நிலைமை இன்னும் மோசம். என்டி போடுமுன் போக்கஸ், கோணம் எல்லாம் முடியுங்கள். போட்டபின் கமராவுக்குக் கண் தெரியாது.

மலிவான கடும் என்டிகளில் அகச்சிவப்பு ஒளி கசியும். கருநீலம் ஊதாவாகவோ மண்ணிறமாகவோ சாயும். ஒரு வெள்ளைத் தாளை என்டி போட்டே எடுத்து, அதை வைத்து வெள்ளைச் சமநிலையைக் கட்டுங்கள். அப்படியும் காரின் நிறம் உண்மை நிறத்துக்கு வரவில்லை என்றால் அந்தக் கண்ணாடி காருக்கு உதவாது.

மழை விட்ட வீதியில் நின்றால் சிபிஎல்லைப் பிரதிபலிப்பு ஆகக் கூடும் இடத்துக்குத் திருப்புங்கள். ஈரத் தாரில் விழும் விளக்கின் பிரதிபலிப்பைப் பலர் தாங்களே அழித்துவிட்டு, படம் ஏன் வறண்டு கிடக்குது என்று யோசிக்கிறார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்ட் பக்கம் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. அந்த வாசல்களும் வேலிகளும் பின்னணியில் விழாமல் காரை நிறுத்துங்கள்.


உவர்மலை லென்ஸ்

தொடுவான உயரம் பற்றிச் சொன்னது மிகச் சரி, நான் விட்டுவிட்டேன்.

இரவுப் படத்துக்கு ஒன்று. முன்விளக்கைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒளி வேண்டுமென்றால் ஒளியைச் சிதறவைக்கும் பிளாக் மிஸ்ட் பில்டரில் எட்டில் ஒன்று (1/8) அளவு போதும். நாலில் ஒன்று (1/4) காருக்கு அதிகம், பெயின்றின் பளபளப்பே மங்கிப்போகும். நட்சத்திரக் கதிர் விழுத்தும் பில்டர் வாங்கவே வேண்டாம், எஃப் 16 இல் விளக்கு தானே கதிர் விடும். 10 செக்கன் திறந்து வைத்து, விளக்கை ஒரே ஒரு செக்கன் மட்டும் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். விளக்குக்குள் உள்ள கண்ணாடிக் குவளை கூடத் தெளிவாக விழும். லென்ஸில் யூவி பில்டர் இருந்தால் இரவில் கழற்றுங்கள். முன்விளக்கு படத்தின் வலது மேலே இருந்தால், அதன் பச்சைப் பேய் ஒன்று இடது கீழே தலைகீழாக நிற்கும். அது அந்தத் தட்டைக் கண்ணாடியின் வேலை.


மட்டிக்களிக் கரை

எல்லாரும் எடுக்கிறதைச் சொன்னீங்க, வைக்கிறதைச் சொல்லேல்ல. எங்கட ஊரில பில்டரைக் கொல்றது உப்பும் ஏசியும்.

ஏசி காரில இருந்து பையைத் தூக்கிக்கொண்டு நேரா இறங்கினா லென்ஸ், பில்டர் எல்லாம் வேர்க்கும். துடைக்கத் துடைக்க வேர்க்கும். பையைத் திறக்காமலே வெளியில அரை மணித்தியாலம் வையுங்க, இல்லாட்டி கடைசிப் பத்து நிமிசம் ஏசியை நிப்பாட்டிக் கண்ணாடியை இறக்கி ஓடுங்க.

உப்புத் தூவல் பட்ட பில்டரைக் காய்ஞ்ச துணியால தேய்க்கவே கூடாது. உப்பு மணல் மாதிரிக் கீறும். முதல்ல புளோவரால ஊதி, நல்ல தண்ணி தொட்ட மைக்ரோபைபர் துணியால ஒற்றி எடுத்து, பிறகுதான் துடைக்கிறது. என்டியைக் குழாய்த் தண்ணியில கழுவலாம். சிபிஎல்லைக் கழுவாதீங்க, இரண்டு கண்ணாடிக்கு நடுவில இருக்கிற படலத்துக்க தண்ணி ஏறினா ஓரத்தில வெண்மை படரும், பிறகு திருத்தேலாது. டாஷ்போட்டில வெயிலில விட்டாலும் அதே கதிதான்.

பில்டர் இறுகிப்போனா குறடு போடாதீங்க. வளையத்தை இரண்டு விரலால நெருக்கினா அது முட்டை வடிவமாகி இன்னும் கவ்வும். ஒரு பாட்டா ரப்பர் செருப்பைக் கழுவிக் காயவச்சு, அடிப்பக்கத்தை மேல பாக்க மேசையில வையுங்க. பில்டர் முகம் கீழ பாக்க லென்ஸைக் கவிழ்த்து, மெதுவா நேரா அழுத்தி லென்ஸைத் திருப்புங்க. வளையம் முழுக்க ஒரே அளவாப் பிடிபடும், கழண்டிடும். சிபிஎல்லுக்கு இது சரிவராது, முன் வளையம் சும்மா சுழலும். அதுக்குப் பின் வளையத்தைச் சுத்தி ஒரு அகலமான ரப்பர் பாண்ட்.

வாங்கேக்க கடையிலயே சோதியுங்க. பில்டரின்ர முன்பக்கம் திரையைப் பாக்க, லப்டொப் திரைக்கு முன்னால பிடிச்சுச் சுழற்றினா ஒரு இடத்தில திரை கறுக்கவேணும், கறுக்காட்டி போலரைசரே இல்லை. பிறகு, லென்ஸில பூட்டுற மரைப்பக்கம் முகக்கண்ணாடியைப் பாக்கப் பிடிச்சு, முன்பக்கத்தால பாருங்க. முகக்கண்ணாடியில தெரியிற பில்டர் வட்டம் இருண்டு போனா அது சரியான சிபிஎல்.


பாலையூற்று_58

அப்ப வேரியபிளை விட்டிட்டு என்டி8, என்டி64 இரண்டும் எடுக்கிறன். 58 இலேயே எடுக்கவா, பெரிசா எடுக்கவா?


கொட்டியாரக் காற்று

இந்த ஒரு லென்ஸோட நிக்கப்போறீங்க எண்டா 58 போதும். பிறகு 24-105 மாதிரி ஒண்டு வாங்குற எண்ணம் இருந்தா இப்பவே 77 இல எடுத்து 58 லென்ஸில 77 பில்டரைப் பூட்டுற 58-77 வளையம் ஒண்டு போடுங்கோ. மூலை கறுக்கிற பிரச்சினையும் போகும், சிபிஎல், என்டி இரண்டையும் 18 இலயும் அடுக்கலாம். வளையம் பித்தளையில கிடைச்சா அதை எடுங்கோ, அலுமினியம் உப்புக்குக் கெதியா இறுகும். ஒரு குறை, லென்ஸ் ஹூட் இனிப் பூட்டேலாது. சூரியன் பக்கவாட்டில நிக்கேக்க ஒரு கையால, இல்லாட்டித் தொப்பியால பில்டருக்கு நிழல் பிடிச்சு, அது படத்துக்குள்ள விழேல்லை எண்டு பாத்து அடியுங்கோ.